ஒன்பது நாள் சின்னவன்

செய்தித்தாளில் சரணுக்கு வயது பதினேழு என்று போட்டிருந்தார்கள். என் தம்பிக்குப் பதினெட்டு. ‘ஆவடி அருகே சிறுவன் குத்திக் கொலை, வாலிபர் கைது.’ உண்மையில் என் தம்பி வேம்புலி, சரணைவிட ஒன்பது நாள் சின்னவன். செத்தவன் சிறுவன், அவனைவிடச் சின்னவன் வாலிபர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பிதான் குத்தினான். போலீஸ் ஜோடித்த கேஸ் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

வேம்புலி பூந்தமல்லியில் ஒரு கார் சீட் கவர் கடையில் வேலை பார்த்தான். ஒரு நாள் ரெக்சினைத் தப்பாக வெட்டிவிட்டான் என்று முதலாளி கன்னத்தில் ஒன்று விட்டார். அவனைப் பார்க்கப் போயிருந்த சரண் அதை போனில் பிடித்து, காமெடி மியூசிக் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்தான். கோவில்பதாகையில் எங்கள் தெருப் பையன்கள் மொத்தமும் பார்த்துச் சிரித்தார்கள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவுக்குப் பின்னால் இருக்கும் கிரவுண்டில் வேம்புலி அதை அழிக்கச் சொன்னான்.

“இன்னா மாமே, உன்ன ஃபேமஸ் ஆக்கிவுட்டா அயுவுற?” என்றானாம் சரண்.

கட்டிப் புரண்டார்கள். வேம்புலியின் சட்டை கிழிந்தது. சுற்றி நின்றவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். அதோடு முடிந்திருந்தால் பையன்கள் சண்டை. சாயந்திரம் இரண்டும் ஒரே பைக்கில் டீ குடிக்கப் போயிருக்கும்.

வேம்புலி வீட்டுக்கு வந்தான். அம்மா வேலைக்குப் போயிருந்தது. நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி உள்ளே போய், ஆணியில் தொங்கிய வேலைப் பையில் கைவிட்டு, ரெக்சின் வெட்டும் கத்தியை எடுத்தான். பார்த்தேன்.

“எங்கடா போற?”

“தோ வரேன்.”

போய்விட்டான். நான் மிச்சத் துணியைக் காயப்போட்டேன். பத்து நிமிஷத்தில் கிரவுண்டுப் பக்கம் கூச்சல் கேட்டது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கூட இருந்த பையன்கள் திசைக்கொருவராக ஓடிவிட்டார்கள். ஒருவனும் போலீஸில் வாய் திறக்கவில்லை. போலீஸ் என் தம்பியின் பெயரை ‘புலி என்கிற வேம்புலி’ என்று எழுதிக்கொண்டது. வேம்புலி எங்கள் அம்மன் பெயர். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டு வைத்தது. டிவியில் அது ரவுடிப் பட்டமாகிவிட்டது. ‘யார் இந்தப் புலி?’ என்று அரை மணி நேரம் ஒரு நிகழ்ச்சியே நடத்தினார்கள்.

வயது எப்படித் தப்பானது என்றால், அதற்கும் நான்தான் காரணம்.

அம்மாவும் முனியம்மா அத்தையும், அதாவது சரணின் அம்மாவும், அப்போது ஒரே செங்கல் சூளையில் கல் அறுத்தார்கள். அத்தைக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதால் சரண் ஆஸ்பத்திரியில் பிறந்தான். இரண்டாயிரத்து எட்டு, ஜனவரி ஆறு. சர்டிபிகேட் இருக்கிறது. வேம்புலி ஒன்பது நாள் கழித்து, பொங்கலன்று, சூளைக் குடிசையில் பிறந்தான். சர்டிபிகேட் கிடையாது. அப்பா அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார்.

கோவில்பதாகைக்கு வந்த பிறகு அம்மாவுக்கு ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. நான் நாலாவது. நாலரை வயதுப் பையனை யார் பார்ப்பது? என் பள்ளிக்கூடத்துக்கே இழுத்துக்கொண்டு போனோம். தலைமை ஆசிரியை அவனை நிற்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று அர்த்தம். சர்டிபிகேட் இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே அப்படித்தான் வயது பார்த்தார்கள். அவன் விரல் எட்டவில்லை. பின்னால் நின்ற நான், டீச்சர் நோட்டைத் திருப்பிய நேரத்தில் அவன் தலையை லேசாகச் சாய்த்துவிட்டேன். எட்டிவிட்டது. டீச்சர் சிரித்துக்கொண்டே ‘2.6.2007’ என்று எழுதினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவர்கள். பிறகு ஆதாரிலும் அதே தேதி ஏறியது. ஏழு மாதம். அப்போது அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

சரண் மறுவருஷம் ஒழுங்கான வயதில் சேர்ந்தான்.

இலவச சட்ட உதவியில் எங்களுக்குக் கிடைத்த வக்கீல் முகமது இஸ்மாயில். பூந்தமல்லி கோர்ட் வாசலில் நின்றபடியே பேசுவார். ஆனால் விஷயத்தை மழுப்ப மாட்டார்.

“ஏஜ்தாம்மா கேஸே. இப்ப பேப்பர்ல அவன் மேஜர். அதான் புழல் ஜெயில்ல வெச்சிருக்காங்க. பதினேழுன்னு ஆச்சுன்னா கூர்நோக்கு இல்லத்துக்கு மாத்திருவாங்க, கேஸும் சிறார் போர்டுக்குப் போயிரும். ஆனா ஸ்கூல் ரெஜிஸ்டர உடைக்கணும். அந்த டீச்சர் இருக்காங்களா?”

“செத்துட்டாங்க சார்.”

“எலும்பு டெஸ்ட் எடுத்தா பதினேழுலேருந்து பத்தொம்போதுக்குள்ளன்னு வரும். யார் பக்கம் வேணா இழுக்கலாம். அவன் பொறந்தப்ப கூட இருந்தவங்க வேற யாராவது?”

சொன்னேன். 

“செத்த பையனோட அம்மாவா? அவங்க வந்து சொன்னா எந்த மாஜிஸ்ட்ரேட்டாலயும் தள்ள முடியாது. ஆனா அவங்க ஏன் வரணும்?”

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “மைனர்னு ஆனாலும் முடியலம்மா. கொலைங்கறதால, பதினாறு தாண்டினவன் புத்தி தெரிஞ்சு பண்ணானான்னு போர்டு பாக்கும். திட்டம் போட்டுப் பண்ணான்னு பட்டா, பெரியவனாவே வெச்சு விசாரிக்கச் சொல்லிரும். கத்தி எப்பவும் பாக்கெட்லதான் இருக்கும்னு சொன்னீங்கல்ல, அதுல உறுதியா நில்லுங்க.”

அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

பூந்தமல்லி தாண்டி ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆபீஸில் எனக்கு வேலை. பி.காம். எங்கள் வம்சத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள். லிஃப்ட் நின்றால், தண்ணீர் வராவிட்டால், நாய் குரைத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். வேம்புலி என் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்த வாரம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீநாத் சார் வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு பெட்டிஷன் டைப் பண்ணணும் ஜோதிகா. ‘கொடுங்குற்றம் செய்வோருக்கு வயது கவசமா?’ன்னு தலைப்பு. பதினெட்டைப் பதினாறாக் குறைக்கணும். இந்தப் பசங்க ரொம்ப உஷார். மேஜர் ஆகறதுக்குள்ள முடிச்சுட்டா மூணு வருஷத்துல வெளிய வந்துடலாம்னு தெரிஞ்சே பண்றாங்க.”

“இந்தக் கேஸ்ல புடிச்ச பையனுக்குப் பதினெட்டுன்னுதானே சார் போட்டிருக்கு?”

“இவன் மாட்டிக்கிட்டான். நான் பொதுவா சொல்றேன்.”

பி பிளாக் ஜெபா மேடம் பார்சல் எடுக்க வந்தவர் நின்றுவிட்டார். “நான் கையெழுத்துப் போட மாட்டேன் ஸ்ரீநாத். அந்த வயசுல மூளையே முழுசா வளர்ந்திருக்காது. ஆராய்ச்சி இருக்கு. தப்புப் பண்ணினாலும் குழந்தைங்கதான்.”

“குத்துப்பட்டது உங்க வீட்டுக் குழந்தையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?”

“அப்ப கோபப்படுவேன். அதுக்காக கோபத்துல சட்டம் எழுதுவாங்களா?”

“செத்தவனுக்கும் பதினேழுதான் மேடம். அவன் மூளையும்தான் வளர்ந்துகிட்டிருந்தது.”

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. எரிச்சலே அதுதான். போன மாதம் காம்பவுண்ட் சுவரோரம் வெளிப் பையன்கள் உட்கார்கிறார்கள், ரோந்து போலீஸைக் கூப்பிடுங்கள் என்று எனக்கு மூன்று தடவை போன் செய்தது இதே ஜெபா மேடம். அந்தப் பையன்களில் ஒருவன் என் தம்பியாகக்கூட இருந்திருக்கலாம், மூளை வளராமல்.

“நீங்க என்ன நினைக்கறீங்க ஜோதிகா?” என்று கேட்டார்.

“எனக்கு டைப் அடிக்கத்தான் மேடம் சம்பளம்.”

இரண்டு பக்கம் அடித்துக் கொடுத்தேன். நூற்றுப்பதினான்கு கையெழுத்து விழுந்தது.

சரணுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு முனியம்மா அத்தை வீட்டுக்குப் போனேன். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி. அத்தை ஹோட்டலுக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பார்கள். முறத்தில் பூண்டு கிடந்தது. சுவரில் சரண் படம், அதைச் சுற்றி சிவப்பும் பச்சையுமாக சீரியல் விளக்கு. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“வக்கீலு அனுப்பிச்சானா?”

“ஆமா அத்தை.”

“நேராவே சொல்ற. உங்கம்மா வந்துருந்தா அயுதுருப்பா. சொல்லு, இன்னா?”

“வேம்புலிக்கு வயசு பதினெட்டுன்னு எழுதியிருக்காங்க. அவன் எப்ப பொறந்தான்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாம? ஏம்புள்ளய மடில போட்டுகினு உங்கம்மாவுக்கு வெந்நி வெச்சவ நானு. பொங்கலும் அதுவுமா ஊரே பொங்க வெச்சுகினு கீது, இவ அங்க கத்துறா.” கை நிற்காமல் உரித்துக்கொண்டே இருந்தது. “சின்னவன்னு சொன்னா இன்னா ஆவும்?”

“பெரிய ஜெயில்லேருந்து மாத்துவாங்க. கேஸ் வேற மாதிரி நடக்கும். தண்டனை குறையலாம்.”

“ஏம்புள்ளைக்கு இன்னா கொறையும்?”

அத்தை அடுத்த பூண்டை எடுத்தார்கள். 

“எங்கூட்டு ஆளு, அவனத் தூக்குல போடுன்னு டிவில சொல்லிட்டு வந்துகீறாரு. நான் கோர்ட்டுல ஏறி அவன் கொயந்தன்னு சொன்னா, என்னிய ஊட்ல வெச்சுக்குவாரா?”

“மாட்டார்னு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

“நல்லா கேக்கற.” ஒரு பூண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, அழுகல் என்று தூரப் போட்டார்கள். “நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. சண்ட போட்ட எடத்துலயே குத்துனானா, இல்ல ஊட்டுக்கு வந்து எட்த்துகினு போனானா? நீ அன்னிக்கு வாசல்ல துணி காயப்போட்டுகினு இருந்த. தண்ணிக்கு வெளிய வந்தப்ப ஒன்னியப் பாத்தேன். அவனப் பாக்கல.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சீரியல் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

“வந்தான். பையிலேருந்து எடுத்துக்கிட்டுப் போனான்.”

“எங்க போறன்னு கேட்டியா?”

“கேட்டேன். தோ வரேன்னான்.”

“அப்பால?”

“துணி காயப்போட்டேன்.”

அத்தை முதல்முறையாகக் கையை நிறுத்தினார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் அவன் வயச சொல்றேன்” என்றார்கள். “ஏம்புள்ள பொறந்த நாள வெச்சுதான அவன் நாளு. அத்த மாத்தி சொல்ல என்னால ஆவாது. நீ அவன் கத்திய சொல்லு. கேக்கறவங்க கேக்கும்போது சொல்லு. சின்னவன்னா சின்னவன்னே எய்திக்கட்டும். ஊட்டுக்கு வந்து யோசிச்சு எட்த்துகினு போனான்னும் எய்திக்கட்டும். ரெண்டும் நெசம்தான? ஒண்ண மட்டும் வெச்சுக்காத.”

“சொல்றேன் அத்தை.”

“சத்தியமெல்லாம் கேக்க மாட்டேன். நீ படிச்சவ. சொல்றேன்னுட்ட, போ.”

டிசம்பர் கடைசியில் அத்தை கோர்ட்டில் ஏறினார்கள். சரணின் பிறப்புச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். அரசு வக்கீல் எழுந்து, “உங்க மகனைக் கொன்னவனுக்கு நீங்களே எதுக்கும்மா சாட்சி சொல்றீங்க? யாராவது மிரட்டினாங்களா?” என்றார்.

“அவனுக்கு சொல்லல சார். வயசு இன்னான்னு கேட்டீங்க, அதுக்கு சொல்றேன்.”

மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பத்து நாளில் உத்தரவு வந்தது. வேம்புலி சம்பவத்தன்று பதினெட்டு நிரம்பாதவன். கூர்நோக்கு இல்லத்துக்கு மாற்றினார்கள்.

அத்தையின் புருஷன் தேவராஜ் மாமா சுவரிலிருந்து சரண் படத்தைக் கழற்றிக்கொண்டு திருவேற்காட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அத்தையோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். விளக்கு மட்டும் சுவரில் தொங்கியது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டு, ‘பெத்த தாயே காசு வாங்கிட்டாளே’ என்று எழுதினார்கள். கீழே நாற்பது கைகூப்புப் படம். அந்தக் குழுவை நிர்வகிப்பது நான்தான். அவர்களை எல்லாம் ஒரே அமுக்கில் வெளியே தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. வேலை வேண்டும்.

வேம்புலியைப் பார்க்கப் போனேன். புழலில் இளைத்திருந்தான். மீசை மழித்திருந்தார்கள், அதனால் பத்தாவது படித்தபோது இருந்த முகம் வந்துவிட்டது. பக்கத்தில் யாருமில்லாத நேரம் பார்த்துக் குனிந்து கேட்டான்.

“அக்கா, அந்த வீடியோவ எல்லாரும் அழிச்சுட்டாங்களா?”

இவன் குழந்தையா, இல்லை வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை. “அழிச்சுட்டாங்கடா” என்றேன். “முனியம்மா அத்தைதான் உனக்காக வந்து சொன்னாங்க. தெரியுமா?” தலையை ஆட்டினான். பிறகு அழுதான். எதற்கென்று நான் கேட்கவில்லை.

நன்னடத்தை அலுவலர் ரவிச்சந்திரன் ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். போர்டுக்கு அவர்தான் அறிக்கை எழுத வேண்டும். சாதுவான மனிதர். பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தொடையில் ஃபைலை வைத்துக்கொண்டு, படிப்பு, சம்பளம், குடிப்பழக்கம், சிநேகிதர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் “நல்ல புள்ள சார், நல்ல புள்ள சார்” என்றது.

“சம்பவத்தன்னிக்குச் சண்டைக்கும் குத்துக்கும் நடுவுல எங்க போனான்? வீட்டுக்கு வந்தானா?”

“நான் வேலைக்குப் பூட்டேன் சார். தோ, இவதான் இருந்தா.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. கத்தியை வந்து எடுத்துட்டுப் போனானா?”

மூன்று வாரமாக அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ‘வந்தான் சார், பையிலிருந்து எடுத்தான், நான் பார்த்தேன்.’ இவ்வளவுதான். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எதுவும் தெரியாது. நான் அதனிடமும் சொன்னதில்லை. கண்ணால்கூட என்னை யாரும் கெஞ்சவில்லை.

“வீட்டுக்கு வரல சார். வேலைக்கு வெச்சிருக்கற கத்தி. எப்பவும் பாக்கெட்லதான் இருக்கும்.”

“ஞாயித்துக்கிழமைகூடவா?”

“எப்பவும் சார்.”

எழுதிக்கொண்டார். வாய் தவறி வந்துவிட்டது, பயத்தில் உளறிவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எதைச் சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். யோசிக்க நேரமும் இருந்தது. அவர் பேனா மை வரவில்லை என்று உதறிய நேரத்தில் மாற்றிச் சொல்லியிருக்கலாம். என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை தண்ணி லாரி வந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் குடத்தை யாரும் பக்கத்தில் வைக்க விடுவதில்லை. எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு. சில நாள் லாரியே காலியாகிவிடும். நான் ஒதுங்கி நின்றேன். முன்னால் நின்ற முனியம்மா அத்தை திரும்பிப் பார்த்து, வரிசையை விட்டு என்னிடம் வந்தார்கள்.

“ஆபீசரு வந்தாராமே.”

“ம்.”

“கேட்டாரா?”

“கேட்டாரு.”

“சொன்னியா?”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தையின் நகக்கண் எல்லாம் பூண்டில் வெந்து தோல் உரிந்திருந்தது.

“சொன்னேன்.”

“எய்திக்கினாரா?”

“எழுதிக்கிட்டாரு.”

 அத்தை மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கினார்கள். வரிசையில் தன் குடத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, அதற்கு முன்னால் எங்கள் குடத்தை வைத்தார்கள். பின்னால் யாரோ, “இன்னா முனியம்மா இது, அந்தூட்டுக் கொடத்த...” என்று ஆரம்பித்தார்கள்.

“கம்னு கெட” என்றார்கள் அத்தை. என்னிடம், “புடி. வேலைக்கு நேரமாவுதுல்ல?”

குழாயைக் குடத்துக்குள் விட்டேன். நிரம்பும்வரை அத்தை பக்கத்திலேயே நின்றார்கள்.